எழுத்தாளர் சந்திப்புக்குப் போறதுல உண்மையிலேயே என்ன பிரயோசனம்? போகவா வேணாமா?

கொழுந்துக்கூடை:

வணக்கம் அண்ணன்மார் அக்காமார். நான் பொகவந்தலாவை பக்கத்துல ஒரு தோட்டம், வயசு 24, டவுன்ல ஒரு கொமியூனிகேசன்ல வேலை செய்றேன். போட்டோ கொப்பி, கல்யாணக் கார்ட், மரண அறிவித்தல், ஃபோர்ம் நிரப்புறது எல்லாம் நான்தான். கடை பூட்டுறதுக்கு முன்னாடி அரை மணித்தியாலம் கிடைச்சா அதே கொம்பியூட்டர்ல என் கதைய டைப் பண்ணுவேன். இதுவரைக்கும் ரெண்டு கதை ஞாயித்துக்கிழமை பேப்பர்ல வந்திருக்கு, அவ்வளவுதான்.

இப்ப கொழும்புல ரெண்டு நாள் எழுத்தாளர் சந்திப்பு ஒன்னு நடக்கப் போகுது, சனி ஞாயிறு. கதை ஒன்னு அனுப்பச் சொன்னாங்க, அனுப்புனேன், தெரிவாகியிருக்கு, பத்து நிமிசம் வாசிக்கணும், வாசிச்சதும் இருக்கிறவங்க கருத்துச் சொல்லுவாங்கன்னு மெசேஜ் வந்துச்சு. பார்த்ததும் கை நடுங்கிருச்சு, சந்தோசமா பயமான்னு இன்னும் தெரியல.

ஆனா சனிக்கிழமைதான் எங்க கடையில கூட்டம். முதலாளி லீவு குடுத்தாலும் நாள் சம்பளத்த வெட்டுவாரு. பஸ் காசு, சாப்பாட்டுக் காசெல்லாம் பார்த்தா அம்மா தேயிலை மலையில ரெண்டு மூணு நாள் பேர் போட்டாதான், அதாவது முழு நாள் வேலை செஞ்சாதான் அந்தக் காசு வரும். அம்மா நேத்து ரொட்டி தட்டிக்கிட்டே கேக்குறாங்க, "எழுதுறவளுக்கு எழுதத் தெரிஞ்சா போதாதா, அதுக்கு எதுக்கு கொழும்பு வரைக்கும் போய் கூட்டம்?"னு. எனக்குப் பதில் சொல்லத் தெரியல. கதையே அம்மாவ நெனச்சு எழுதுனதுதான், கொழுந்து நிறுக்கிற எடத்துல நடக்குற கதை. அம்மாவுக்கு வாசிக்கத் தெரியும், ஆனா என் கதை ஒன்னையும் இதுவரைக்கும் வாசிச்சதில்ல.

போய் வந்தவங்க யாராவது இருந்தா உண்மையச் சொல்லுங்க. போனா எழுத்துக்கு என்ன கிடைக்கும்? எனக்கு யாரையும் தெரியாது, கூட்டத்துல பேசவும் வராது.

பசறையூரான்:

போங்க தங்கச்சி. முதல்லயே சொல்லிடுறேன், அப்புறம் ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமா வரும் பொறுத்துக்கோங்க.

நான் முதன்முதல்ல கண்டியில ஒரு சின்ன சந்திப்புக்குப் போனேன், இருபது வருசத்துக்கு மேல ஆச்சு, மொத்தமே முப்பது பேர்தான் இருந்திருப்பாங்க. நான் வாசிச்ச கதையில ஒரு அம்மா காய்ச்சலோட ஞாயித்துக்கிழமை மலைக்குப் போவா, ஏன்னா அன்னைக்கு கைக்காசு. கதையோட முடிச்சே அதுலதான் இருக்கு. எங்க தோட்டத்துல அந்தக் கதைய பத்துப் பேராவது வாசிச்சிருப்பாங்க, ஒருத்தரும் ஒரு கேள்வி கேட்டதில்ல, நல்லாருக்கு நல்லாருக்குன்னுதான் சொன்னாங்க. அங்க வாசிச்சு முடிச்சதும் வன்னியில இருந்து வந்த ஒரு அக்கா எழும்பி "அந்த அம்மா ஏன் தம்பி லீவு நாள்ல போனவ? திங்கக்கிழமை போயிருக்கலாமே?"ன்னு கேட்டாங்க. நான் முழிச்சேன். கைக்காசுன்னா சம்பள நாள் வரைக்கும் காத்திருக்காம பறிச்ச கொழுந்துக்கு அன்னன்னைக்கே கையில காசுங்கிறது நமக்குத் தெரியும், அவங்களுக்கு எப்படித் தெரியும்? அவங்க காதுல என் கதை பாதிலயே நின்னு போச்சு.

பக்கத்துல இருந்த ஒருத்தர் அடிக்குறிப்பு போடுங்கன்னாரு. இன்னொருத்தர், வயசானவர், அடிக்குறிப்பு வேணாம், அந்தக் காசு கைக்கு வர்றதக் காட்டுங்கன்னாரு. வீட்டுக்கு வந்து ஒரு மாசம் யோசிச்சிட்டு நாலே வரி சேர்த்தேன். தராசுக்குப் பக்கத்துல கணக்கப்பிள்ளை நோட்டுகள எண்ணிக் குடுக்குறாரு, அந்த அம்மா ஈரக் கைய இடுப்புல கட்டியிருக்கிற படங்குச் சாக்குல தொடச்சிட்டு வாங்குறா, வாங்குன காச எண்ணாமலே மருந்துக் கடைக்குப் போறா. அவ்வளவுதான். அதுக்கப்புறம் அந்தக் கதைய யாரும் எங்கயும் எனக்கு விளக்கச் சொன்னதில்ல. நம்ம ஆளுங்களுக்குள்ளயே இருந்திருந்தா அந்த ஓட்டை எனக்கு செத்தாலும் தெரிஞ்சிருக்காது தங்கச்சி. நம்மள சுத்தி இருக்கிறவங்களுக்கு நாம எழுதாததும் சேர்த்துத் தெரியும், அதனால அவங்க கதையில இல்லாதத அவங்களே போட்டு வாசிச்சிருவாங்க.

பேச வராதுன்னு சொன்னீங்க. பேச வேணாம், வாசிச்சா போதும். வாசிக்கும்போதே உங்களுக்குத் தெரிஞ்சிரும் எந்த எடத்துல ஆளுங்க நாற்காலியில அசையுறாங்க, எந்த எடத்துல சத்தமில்லாம போச்சுன்னு. ஒரு வரிய வாசிக்க உங்களுக்கே நாக்கு கூசுச்சுன்னா அந்த வரி பொய். தனியா கொம்பியூட்டர் முன்னாடி இருக்கும்போது அது தெரியாது.

இன்னொன்னும் சொல்லணும். அம்மா கேட்டது நியாயமான கேள்விதான், ஆனா நம்ம மலையக எழுத்தே கூட்டத்துல பிறந்த எழுத்து. தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் கட்டுன நடேசய்யரோட மனைவி மீனாட்சி அம்மாள் தொழிலாளர் கூட்டங்கள்ல பாட்டுப் பாடித்தான் நம்ம ஆளுங்க கிட்ட போய்ச் சேர்ந்தாங்க, எழுத்துக் கூட்டத் தெரியாதவங்க கூட அத கேட்டு மனப்பாடம் பண்ணுனாங்க. சி.வி. வேலுப்பிள்ளை, 1947ல தலவாக்கலைத் தொகுதியில இருந்து பாராளுமன்றம் போனவர், அவரும் நம்ம சனங்க வாயில இருந்த பாட்டுகளத்தான் கேட்டுக் கேட்டு சேர்த்து வச்சாரு. லயத்து வீட்டு வாசல்ல கதை சொல்லிக் கேட்ட பரம்பரை நாம. சபையில வாசிக்கிறது நமக்குப் புதுசு இல்ல.

கொட்டகலை டீச்சர்:

பசறை அண்ணன் சொன்னதுல எனக்கு மறுப்பில்ல, ஆனா எல்லாச் சந்திப்பும் அப்படி இருக்காது. பிள்ளை காச செலவழிச்சுப் போறவ, அதனால என் அனுபவத்தையும் சொல்றேன்.

சில வருசத்துக்கு முன்னாடி ஒரு பெரிய மாநாட்டுக்குப் போனேன். பேர் வேணாம். காலையில 9 மணிக்குத் தொடங்கும்னாங்க, விளக்கேத்தவே பத்தரை. அப்புறம் தலைமையுரை, வரவேற்புரை, வாழ்த்துரை, சிறப்புரை, ஒவ்வொருத்தருக்கும் பொன்னாடை, ஒவ்வொரு பொன்னாடைக்கும் போட்டோ. எங்கள மாதிரி புதுசா எழுதுறவங்களுக்குன்னு வச்ச நேரம் பின்னேரம் நாலரைக்குத்தான் வந்துச்சு. நான் கவிதைய வாசிக்க எழும்பும்போது முன்வரிசை முழுக்க காலி, ஒரு அண்ணன் நாற்காலிகள அடுக்கிக்கிட்டிருந்தாரு. ரெண்டு கவிதையில ஒன்னை மட்டும் வாசிங்கன்னாங்க. அன்னைக்கு ராத்திரி பஸ்ல வரும்போது அழுதேன். அதுக்கு அனுமதிக் கட்டணம், சான்றிதழுக்குத் தனிக் காசு, தொகுப்புல கவிதை போடணும்னா இத்தனை பிரதி வாங்கணும்னு வேற. அந்தத் தொகுப்பு எனக்கு இன்னும் வந்து சேரல.

அதனால போறதுக்கு முன்னாடி ஃபோன் எடுத்து கேளுங்க தங்கச்சி, வெக்கப்படாதீங்க. உங்க வாசிப்பு எத்தனை மணிக்கு, ஒரு அமர்வுல எத்தனை பேர் வாசிக்கிறாங்க, கருத்துச் சொல்றவங்க கதைய முன்கூட்டியே வாசிச்சிட்டு வருவாங்களா, பொம்பளப் பிள்ளைங்களுக்கு எங்க தங்குமிடம், கூட யாரு இருப்பாங்க. இதுக்கெல்லாம் நேரா பதில் வந்தா நல்ல எடம். பட்டம் தாறோம் விருது தாறோம் காசு கட்டுங்கன்னு சொன்னா அந்தப் பக்கமே போகாதீங்க. போக்குவரத்துக்கு ஏதாவது உதவி உண்டான்னும் கேளுங்க, தூரத்துல இருந்து வர்றவங்களுக்குன்னு கொஞ்சம் ஒதுக்கி வைக்கிறவங்க இருக்காங்க, ஆனா நாமளா கேக்காட்டி தரமாட்டாங்க.

ஆனா ஒன்னு, அந்த மோசமான மாநாட்டுலயும் எனக்கு ஒரு நல்லது நடந்துச்சு. தேத்தண்ணி குடிக்கிற நேரத்துல எனக்குப் பக்கத்துல நின்ன மூதூர் பிள்ளை ஒருத்தி, அவளும் என்ன மாதிரியே தனியா வந்தவ. நம்பர் மாத்திக்கிட்டோம். இன்னைக்கு வரைக்கும் நான் எழுதுறத முதல்ல அவதான் வாசிக்கிறா, அவ எழுதுறத நான். வொட்ஸ்அப்ல வொய்ஸ் போட்டு "இந்தக் கடைசி வரி வேணாம் டீச்சர், நீங்க வகுப்பு எடுக்குறீங்க"ன்னு சொல்லுவா. அப்படிச் சொல்ல எனக்கு கொட்டகலையில ஆள் இல்ல. நான் போட்ட காசெல்லாம் அந்த ஒருத்திக்காகத்தான்னு இப்ப நெனச்சுக்குவேன்.

மஸ்கெலியா தனியன்:

நான் மாத்திச் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. 24 வயசுல சந்திப்பு சந்திப்புன்னு அலையுறத விட வாசிக்கிறதுதான் முக்கியம். நூலகம் டொட் ஓர்க் 2005ல இருந்து இருக்கு, பழைய மலையகச் சஞ்சிகை, நம்ம முன்னோடிகளோட புத்தகம் எவ்வளவோ அதுல ஃபோன்லயே சும்மா வாசிக்கலாம். பஸ் காசுக்கு டேட்டா போட்டா ஆறு மாசம் வாசிக்கலாம். 1960கள்ல வீரகேசரி மலையகச் சிறுகதைப் போட்டி நடத்துன காலத்துல தோட்டத்துல இருந்து எழுதுனவங்க எல்லாம் தபால்ல கதைய அனுப்பித்தான் வெளிய தெரிய வந்தாங்க. தெளிவத்தை ஜோசப் ஐயாவும் அப்படிப் பரிசு வாங்குனவர்தான், 2013ல தமிழ்நாட்டு விஷ்ணுபுரம் விருது வரைக்கும் போச்சு. நல்ல கதை எங்க இருந்தாலும் தேடி எடுப்பாங்க.

பசறையூரான்:

தம்பி, வாசிப்பு முக்கியம்கிறதுல சண்டையே இல்ல. ஆனா ஜோசப் ஐயா தனியா இருந்து எழுதுனவர் இல்ல, எழுத்தாளர் மன்றம், கூட்டம், விவாதம்னு கடைசி வரைக்கும் ஆளுங்களோட இருந்தவர். அந்தப் போட்டிகளால கிடைச்ச பெரிய விசயமே ஊவாவுல இருக்கிறவனுக்கு டிக்கோயாவுல ஒருத்தன் எழுதுறான்னு தெரிய வந்ததுதான். 2011 ஜனவரியில வெள்ளவத்தை தமிழ்ச் சங்கத்துல நடந்த சர்வதேச தமிழ் எழுத்தாளர் மாநாட்டுக்கு நான் போயிருந்தேன், எங்கெங்கயோ இருந்தெல்லாம் வந்திருந்தாங்க, யுத்தம் முடிஞ்சு ரெண்டு வருசம் கூட ஆகல. பேர மட்டும் அச்சுல பார்த்திருந்தவங்க எனக்கு முன்னாடி வரிசையில நின்னு சோறு வாங்கினாங்க. அவங்களும் மனுசங்கதான்னு தெரிஞ்சதும் எழுத்து மேல இருந்த பயம் பாதி போயிருச்சு. அத எந்த டேட்டாவும் தராது.

அச்சுப்பிழை:

கொஞ்சம் லேட்டா வர்றேன். நான் ஒரு சஞ்சிகைக்கு மெய்ப்புப் பார்க்கிறவன், அதனால மேசைக்கு இந்தப் பக்கத்துல இருந்து சொல்றேன்.

வெளிநாட்டுல, அமெரிக்காவுல எல்லாம் எழுத்தாளர் மாநாடுன்னா வேற மாதிரி. பிரெட் லோஃப்னு ஒன்னு 1926ல இருந்து வெர்மொன்ட் மலைப்பக்கம் நடக்குது, கோடை காலத்துல பத்து நாள் மாதிரி தங்கி இருந்து ஒருத்தர் எழுதுனத மத்தவங்க வரி வரியா அலசுவாங்க. இலக்கிய முகவர்கள், பதிப்பாசிரியர்கள் எல்லாம் வருவாங்க, அங்க முகவர் இல்லாம பெரிய பதிப்பகத்துக்கிட்ட போறது கஷ்டம், அதனால அந்தச் சந்திப்புக்காகவே காசு கட்டிப் போறவங்க உண்டு. நம்ம நாட்டுல தமிழ்ல அப்படி முகவர்னு யாரும் இல்ல. நாமளே காசு போட்டு 300 பிரதி 500 பிரதி அடிச்சு, வெளியீட்டு விழா வச்சு, முதல் பிரதி வாங்க ஒருத்தரப் பிடிச்சு, கவர்ல வர்ற காசுல அச்சகக் கடன கட்டுறோம். அதனால இங்க ஒரு சந்திப்புல யாராவது உங்க புத்தகத்த அங்கயே எடுத்துக்குவாங்கன்னு எதிர்பார்த்துப் போகாதீங்க, போனா ஏமாத்தமா இருக்கும்.

ஆனா வேற ஒன்னு நடக்கும். எங்களுக்கு மெயில்ல கதைங்க குவிஞ்சு கிடக்கு. பேர் தெரியாத கதைய எப்ப திறப்போம்னு எங்களுக்கே தெரியாது, இது நியாயம்னு சொல்லல, நிலைமை இப்படி. ஒரு சந்திப்புல வாசிச்சுக் கேட்ட கதை மெயில்ல வந்தா "ஆ, அந்த தராசுக் கதை"ன்னு அன்னைக்கே திறப்பேன். சிபாரிசு இல்ல இது, காதுல விழுந்தது ஞாபகம் இருக்கு, அவ்வளவுதான். போன வருசம் நாங்க போட்ட கதைகள்ல நாலு அப்படி வந்ததுதான்.

மொழிபெயர்ப்பாளர்களும் இப்படியான எடத்துலதான் கிடைப்பாங்க. மைக்கேல் ஒண்டாச்சி 1992ல புக்கர் வாங்குன காசுல தொடங்கி வச்ச கிரேஷன் பரிசு ஆங்கிலத்துல எழுதுறவங்களுக்கு, அதோட சிங்களம் தமிழ்ல இருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்கிறவங்களுக்கு எச்.ஏ.ஐ. குணதிலக்க பேர்ல ஒரு பரிசும் இருக்கு. மொழிபெயர்க்கிறவங்க கதை தேடிக்கிட்டுத்தான் இருக்காங்க. மலையகத்துக் கதையின்னா அதுல வர்ற சொல்லுக்கு அர்த்தம் கேக்க எழுதுன ஆள் வேணும், பிரட்டுக்களம்னா என்ன, அரைப்பேர்னா என்னன்னு அகராதியில கிடைக்காது. இப்படி ஒருத்தரோட ஒரு நாள் பக்கத்துல இருந்து சாப்பிட்டா அடுத்த நாள் கூச்சமில்லாம ஃபோன் போட்டு கேப்பாங்க.

சிங்கள எழுத்தாளர்கள் வந்தாலும் ஒதுங்கி நிக்காதீங்க. அவங்களுக்கு நம்ம லயத்து வாழ்க்கை ரயில் ஜன்னல்ல பார்த்த அளவுக்குத்தான் தெரியும், கேக்க ஆசையா இருக்கிறவங்களும் உண்டு.

இனி உங்களுக்கு மட்டும் சொல்றது, டைப் பண்ற பிள்ளைன்னு சொன்னதால. கதைய யுனிகோட்ல டைப் பண்ணுங்க. கடையில பாமினிங்கிற பழைய எழுத்துருவுலதான் அடிப்பீங்க, கல்யாணக் கார்டுக்கு அது சரி, ஆனா பாமினியில அனுப்புன ஃபைல ஃபோன்ல திறந்தா வெறும் இங்கிலீஷ் எழுத்தா கலைஞ்சு கிடக்கும், வாசிக்க மாட்டாங்க. இணையத்துல பாமினியில இருந்து யுனிகோடுக்கு மாத்துற பக்கம் இருக்கு, மாத்துனதுக்கு அப்புறம் ஒருக்கா முழுசா வாசிச்சுப் பாருங்க, ஸ்ரீ, க்ஷ மாதிரி எழுத்துங்க சில நேரம் கெட்டுப்போகும். அஞ்சாறு பிரதி போட்டோ கொப்பி அடிச்சுக் கொண்டு போங்க, எழுத்துப் பெருசா, வரிக்கு வரி இடைவெளி விட்டு. கையில தாளோட கேக்கிறவங்க பென்சில்ல குறிச்சுத் தருவாங்க, அந்தத் தாள்கள மறக்காம திருப்பி வாங்கிட்டு வாங்க. பத்து நிமிசத்துக்கு ஆயிரம் சொல்லுக்கு மேல போகாது, வீட்டுல மணி பார்த்து சத்தமா வாசிச்சுப் பழகுங்க, நீண்டா நீங்களே வெட்டிட்டுப் போங்க, மேடையில வச்சு வெட்டச் சொன்னா மனசு உடஞ்சிரும்.

கொழுந்துக்கூடை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. டீச்சர் சொன்ன மாதிரி ஃபோன் எடுத்துக் கேட்டேன், வாசிப்பு சனிக்கிழமை 11 மணிக்காம், ஒரு அமர்வுல அஞ்சு பேர்தானாம், தங்குறதுக்கு பொம்பளைங்களுக்குத் தனியா ஒரு எடமாம், பஸ் காசுல பாதி தருவாங்களாம். கேக்காம இருந்திருந்தா அந்தப் பாதியும் போயிருக்கும். முதலாளி முகத்த சுழிச்சாரு, அடுத்த ரெண்டு ஞாயிறு கடைக்கு வர்றேன்னு சொல்லி லீவு வாங்கிட்டேன். அச்சுப்பிழை அண்ணே, என் கதை முழுக்க பாமினியிலதான் இருந்துச்சு, மாத்திட்டேன்.

கொழுந்துக்கூடை:

போயிட்டு வந்துட்டேன். வெள்ளிக்கிழமை ஹட்டன்ல பஸ் ஏறி கினிகத்தேனை வளைவெல்லாம் வாந்தி, கித்துல்கல தாண்டி அவிசாவளை வந்ததுக்கு அப்புறம்தான் கண்ணத் திறந்தேன். அதெல்லாம் விடுங்க.

வாசிச்சேன். முதல் ரெண்டு நிமிசம் குரலே வரல, ஒரு அக்கா தண்ணி போத்தல தள்ளிவிட்டாங்க. என் கதையில தராசுல கூடைய மாட்டுனதும் கணக்கப்பிள்ளை படங்குக்கும் தண்ணிக்கும்னு ரெண்டு கிலோவ கழிச்சு எழுதுவாரு, அம்மா ஒன்னும் பேசாம நிப்பா, அந்த ரெண்டு கிலோவால அன்னைக்கு அரைப்பேர். நான் அத ஒரே வரியில எழுதிட்டு அதுக்கப்புறம் ஒரு பக்கத்துக்கு தொழிலாளி படுற பாட்டப் பத்தி நானே பேசியிருந்தேன். மன்னார்ல இருந்து வந்த ஒரு ஐயா தாள்ல அந்தப் பக்கம் முழுக்க பென்சில்ல ஒரு நீளக் கோடு போட்டு, அந்த ஒரு வரிக்குப் பக்கத்துல "இங்கே நில்" அப்படின்னு எழுதியிருந்தாரு. யாழ்ப்பாணத்து பிள்ளை ஒருத்தி "அரைப்பேர்னா ஆளுக்குப் பாதிப் பேர்தான் எழுதுவாங்களா?"ன்னு கேட்டா. இல்ல, பாதி நாள் சம்பளம்னு சொன்னேன். சொல்லிட்டு யோசிச்சா அவ கேட்டதும் சரிதானேன்னு இருந்துச்சு, அந்தச் சொல்ல எத்தனை தடவ சொல்லியிருக்கேன், ஒருநாளும் அப்படிக் கேட்டதில்ல. பசறை அண்ணே, நீங்க சொன்னது அப்பதான் எனக்கு விளங்குச்சு. அந்தப் பிள்ளையோட நம்பர் என்கிட்ட இருக்கு, நேத்தும் பேசுனோம்.

ஞாயிறு ராத்திரி வீட்டுக்கு வர பத்து மணி. அம்மா முழிச்சிருந்தாங்க. அங்க இருந்தவங்க என்ன கேட்டாங்கன்னு அம்மா கேட்டாங்க. கணக்கப்பிள்ளை கழிக்கிறதப் பத்தித்தான் கேட்டாங்கன்னு சொன்னேன். "எத்தனை கிலோன்னு எழுதியிருக்க?"ன்னாங்க. ரெண்டுன்னேன்.

அம்மா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் "மழை நாள்ல நாலு"ன்னாங்க. தாளக் குடுன்னு வாங்கி லைட்டுக்குக் கீழ பிடிச்சு வாசிச்சாங்க, விரல் வச்சு மெதுவா, முழுக்க. தராச மாட்டுற கம்பு எந்தப் பக்கம் இருக்கும்னும் நான் தப்பா எழுதியிருக்கேனாம்.

இன்னைக்கு கடை பூட்டுனதும் அத ரெண்டையும் திருத்திட்டு அச்சுப்பிழை அண்ணனுக்கு அனுப்புறேன். யுனிகோட்லதான்.